கம்பிக் கூட்டைப் பற்றிய இரண்டு வரி

இந்த ஊரில் எனக்கு வரும் கடிதங்களை என் போனுக்குள் இருக்கும் ஒரு பெண்குரல்தான் வாசித்துச் சொல்கிறது. குப்பை எடுக்கும் நாளையும் வீசா அலுவலகத்தின் மிரட்டலையும் ஜெர்மன் மொழியிலிருந்து தமிழாக்கி, ஒரே நிதானத்தில் சொல்லும். ஐந்தாம் வகுப்போடு நின்றவனுக்கு அதுதான் துணை. பூட்டிய கோப்பைக் காட்டினால் மட்டும் ஊமையாகிவிடும்.

நான் துப்புரவு செய்யும் கட்டடத்தில் இயந்திரங்களுக்கு விதிமுறை எழுதும் சபை கூடுகிறது. ஒவ்வொரு நாட்டார் முன்னாலும் ஒரு சின்னக் கொடி. போன மாதம் அங்கே இரண்டு நாள் வாக்குவாதம். பழைய விதிகளைப் பூட்டிய கோப்பாகவே வைப்பதா, யாரும் போனில் திறந்து தன் மொழியில் கேட்கும்படி மாற்றுவதா என்று. தொழிலாளியா இதை வாசிக்கப்போகிறான், ஆங்கிலம் போதும் என்று ஒருவர் சிரித்தாராம். அலுவலகப் பெண் மோனிக்கா சொன்னாள். ஆனாலும் சில விதிகளை மாற்றித் திறந்துவிட்டார்கள். தேயிலை இயந்திரத்தின் விதி இருக்கிறதா என்று கூச்சத்தை விழுங்கிக் கேட்டேன். என் அரைகுறை ஜெர்மனில் தேநீர் என்பது மட்டும் புரிந்து, அவள் ஒரு கோப்பைத் தேநீர் கொண்டுவந்து தந்தாள். குடித்துவிட்டு, நாலு இலக்கத்தை எழுதிக் காட்டினேன்.

அந்த இலக்கம் இலங்கையில், எங்கள் எல்கடுவைத் தோட்டத்தில் மனதில் பதிந்தது. ஸ்டோர் என்று நாங்கள் சொல்லும் தேயிலைத் தொழிற்சாலையில், கொழுந்தை உருட்டும் ரோலரின் பெல்ட் என் அண்ணன் வேலுவின் மூன்று விரல்களைக் கொண்டுபோனது. அவர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும், காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில் ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கர் ஒரு இங்கிலீஷ் புத்தகத்தைத் தூக்கிக் காட்டினார். அதன் அட்டையில்தான் அந்த நாலு இலக்கம் இருந்தது. கை வைத்தவன்தான் குற்றவாளி என்று அதில் இருக்கிறதாம். அப்படியே எழுதிய தாளில் அண்ணனின் இடது பெருவிரலை மையில் தோய்த்து வைத்தார்கள். சாட்சிக்கு எழுதத் தெரிந்தவன் என்று என்னைக் கூப்பிட்டார்கள். இங்கிலீஷ் தெரியாது என்று அத்தனை பேர் முன்னால் சொல்ல வெட்கப்பட்டு, தமிழில் அழகாகக் கையெழுத்துப் போட்டேன். அண்ணனுக்கு வேலை போனது.

மோனிக்கா திறந்து தந்த பக்கத்தைப் பெண்குரல் வாசித்தது. சுழலும் பட்டையைச் சுற்றிக் கம்பிக் கூடு இருக்க வேண்டும். கூடு இல்லாமல் இயந்திரத்தை ஓட்டக் கூடாது. எங்கள் ரோலரில் கூடு இருந்ததே இல்லை.

டீமேக்கர் இப்போது மாத்தளை டவுனில் கோயில் சபைத் தலைவர். அந்தப் பக்கத்தை அனுப்பிவிட்டுப் போன் போட்டேன்.

"அதெல்லாம் முடிஞ்ச கதை தம்பி. இப்ப எதுக்கு கிளறுறீங்க?"

"ஞாயித்துக்கெழம தோட்டத்து லயத்துக்கு வந்து, எல்லாருக்கும் முன்னுக்கு நீங்களே வாசிங்க. வரலேன்னா டவுன்ல ஒவ்வொருத்தர் போனும் இத வாசிக்கும்."

இவ்வளவு நீளமாக நான் யாரிடமும் பேசியதில்லை.

ஞாயிறன்று சபையின் வெறும் கூட்ட அறையில், எப்போதும் காலியாக இருக்கும் இலங்கைச் சிங்கக்கொடி நாற்காலியில் உட்கார்ந்து வீடியோவில் பார்த்தேன். இரண்டு விரல் கையால் அண்ணன் போனைப் பிடித்ததில் படம் சாய்ந்து, பாதி தகரக்கூரையும் பாதி நரைத்த தலையுமாகத் தெரிந்தது. டீமேக்கர் திக்கித் திக்கி வாசித்தார்.

"போதும்டா. வயசான மனுசன்" என்றார் அண்ணன்.

"கூடு இல்லாம ஓட்டக்கூடாதுங்கறது கேக்கலண்ணே. மறுபடி வாசிக்க சொல்லுங்க."

மறுபடி வாசித்தார். மூன்றாம் முறையும் கேட்டேன். அப்போது மேற்பார்வையாளர் கதவைத் திறந்தார். சட்டென்று எழுந்து, நான் உட்கார்ந்த நாற்காலியைத் துடைக்கத் தொடங்கினேன். சட்டைப்பைக்குள் போட்ட போனில், எல்கடுவையில் டீமேக்கர் இன்னும் வாசித்துக்கொண்டிருந்தார்.