அப்பாவின் மோட்சம்

விக்கிரமங்கலத்தில் பஞ்சரான பஸ்ஸுக்குப் பக்கத்தில் நிற்பது நான்கு பேர்: டிரைவர், கண்டக்டர், வெள்ளரிப்பிஞ்சு விற்கும் அக்கா, நான். மற்றவர்கள் அடுத்த பஸ்ஸில் போய்விட்டார்கள். அது ஏலாக்குறிச்சி போகுமா என்று நான் மூன்று பேரிடம் விசாரித்து முடிப்பதற்குள் கிளம்பிவிட்டது.

நான் கல்யாணத்துக்காக வேதத்தில் சேர்ந்து கிறிஸ்தவனானவன். பைபிளில் ஒரு வரிகூடக் கேட்காமல் செத்துப்போன அப்பாவுக்கு மோட்சம் உண்டா என்று ஏலாக்குறிச்சி ஃபாதரிடம் கேட்கத்தான் இந்தப் பயணம். ஏழாவதோடு படிப்பை நிறுத்திய என் மூளை அதுவரை பொறுக்கவில்லை. இரண்டாவது பிஞ்சைக் கடித்தபடி அக்காவிடமே கேட்டுவிடுகிறேன்.

"ஒங்க அப்பா ஆளு எப்புடிங்க?"

"விடிஞ்சதும் சூரியனக் கும்புடுவாரு. அடுத்தவன் கொல்லையில ஒரு கதிர ஒடிக்க மாட்டாருங்க."

"யாரு சொல்லிக் குடுத்தா?"

"யாரும் இல்ல. அவரு மனசுதான்."

"அந்த மனசக் குடுத்தவருக்கு அவர அடையாளம் தெரியாதா? பொஸ்தகத்தையும் கையில வச்சுக்கிட்டு முழிக்கிற ஒங்களத்தான் நல்லா விசாரிப்பாரு!"

டிரைவர் சிரிக்கிறார். அப்பாவைப் பற்றிய பயம் எழுந்து போகிறது. அதே இடத்தில் என்னைப் பற்றிய பயம் வந்து உட்காருகிறது. அந்தக் கலக்கத்திலேயே பின்னால் வந்த பஸ்ஸில் ஏறுகிறேன். பாதி வழியில்தான் உறைக்கிறது: அக்காவுக்கு நான் இன்னும் இருபது ரூபாய் தர வேண்டும்.