பச்சையாக இருந்த மலை

மற்றவர்களின் டேட்டாபேஸ் ஏன் மெதுவாக ஓடுகிறது என்று பார்த்துச் சரிசெய்வது என் வேலை. ஹட்டனில் ஒரு வாடகை அறையில் உட்கார்ந்து, கொழும்புக் கம்பனிகளுக்காக அதைச் செய்கிறேன். ஒருவருக்கு பில் போட நேரமாகும், இன்னொருவருக்கு அறிக்கை திறக்காது. சரிசெய்து கொடுத்தால் நன்றி சொல்லிவிட்டுப் போவார்கள். ஆட்களின் உயிர் சம்பந்தப்பட்ட வேலை ஒன்றே ஒன்றுதான்.

அந்த வாரம் மழை விடவே இல்லை. பாதையில் மண் விழுந்து ரயில் நின்றிருந்தது. காலையில் என்னோடு பள்ளியில் படித்த தோழி அழைத்தாள். அவள் ஒரு சிறிய தொண்டு அமைப்பில் இருக்கிறாள். தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயங்களுக்கு மேலே, சரிவுகளில், அவர்கள் மழைமானிகள் நட்டிருக்கிறார்கள். பெய்யும் மழையின் அளவை அவை அடிக்கடி அனுப்பிக்கொண்டே இருக்கும். ஒரு நாளில் பெய்தது எல்லையைத் தாண்டினால் அந்த இடம் திரையில் பச்சையிலிருந்து சிவப்பாகும்; அங்குள்ளவர்களின் ஃபோன்களுக்கு எச்சரிக்கை போகும்.

"ஸ்கிரீன் சுத்திக்கிட்டே இருக்குடி. ஒண்ணும் வர மாட்டேங்குது. உடனே வா."

அவர்களுடைய அலுவலகம் டவுனில் ஒரு ஹார்ட்வேர் கடைக்கு மேலே. கடை முதலாளி ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு நின்றிருந்தார். "மேல போங்க மகள், அந்தப் புள்ள அழுதுக்கிட்டு இருக்கு" என்றார்.

அவள் அழவில்லை. ஆனால் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

டேட்டாபேஸிடம் மழையின் அளவைக் கேட்க, மழைமானிகள் ஒன்றிரண்டே இருந்த காலத்தில் யாரோ எழுதிய குவெரி அது. ஒவ்வொரு வரியிலும் இருந்த நேரத்தை எழுத்தாக மாற்றி, பிறகு ஒப்பிட்டது. நேரத்தை வைத்துச் சட்டென்று தேட இன்டெக்ஸ் இருந்தும், அப்படி மாற்றியதால் அதைப் பயன்படுத்த வழியில்லாமல் போயிற்று. கடந்த ஒரு நாளின் மழையைக் கேட்டால், தொடங்கிய நாளிலிருந்து பெய்த மழை முழுவதையும் அது படித்துக்கொண்டிருந்தது.

"புதுசா இன்டெக்ஸ் போட்டா வேகமாகுமில்ல?" என்று கேட்டாள்.

"அது முடியிற வரைக்கும் வர்ற அளவெல்லாம் வெளிய காத்துக்கிட்டு நிக்கும். இந்த மழையில வேணாம்."

நேரத்தை மாற்றாமல் அப்படியே ஒப்பிடும்படி குவெரியைத் திருத்தி எழுதினேன். அழுத்தியதும் பதில் வந்தது. திரை முழுவதும் சிவப்பு. எச்சரிக்கைகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போகத் தொடங்கின. ஒரே ஒரு இடம் மட்டும் பச்சையாக இருந்தது.

"அண்ணன் இருக்கிற தோட்டம்டி" என்று அவள் மூச்சு விட்டாள். நோட்டன் பிரிட்ஜ் பக்கம். "அங்க மழை கம்மி போல."

அதற்கு இந்தப் பக்கம் இருந்த மலையும் சிவப்பு, அந்தப் பக்கம் இருந்த மலையும் சிவப்பு. நடுவில் மட்டும் மழை எப்படிக் குறையும்? அந்த மழைமானியின் வரிகளை மட்டும் எடுத்துப் பார்த்தேன். விடியும்போது ஓர் அளவு வந்திருந்தது. அதற்குப் பிறகு ஒன்றுமே இல்லை. குவெரி வந்ததை மட்டும் கூட்டியது. வராததைப் பற்றி அதற்குத் தெரியாது. நான் அதற்கு வேகத்தைத்தான் கொடுத்திருந்தேன்.

"அண்ணனுக்கு ஃபோன் பண்ணு."

அவள் ஸ்பீக்கரில் போட்டு, அங்கே மழையா என்று கேட்டாள்.

"இங்க மழையா? எதிர்த்த மலையே தெரியலை தங்கச்சி."

"வேற ஏதாச்சும் வித்தியாசமா இருக்காண்ணே?" என்று நான் கேட்டேன்.

கொஞ்சம் யோசித்தார். "பீலியில தண்ணி நின்னுபோச்சு. மேல எங்கயாச்சும் அடைச்சிருக்கும்னு பேசிக்கிட்டோம்."

பீலி என்பது மலை ஊற்று குழாய் வழியாக வந்து விழும் இடம். லயத்துக்குக் குளிக்க, சமைக்க எல்லாம் அந்தத் தண்ணீர்தான். இப்படிக் கொட்டும் மழையில் ஊற்று நின்றுபோனால், அந்தத் தண்ணீர் மலைக்கு உள்ளேதான் எங்கோ சேர்ந்துகொண்டிருக்க வேண்டும். தோழி ஃபோனைக் கையில் எடுத்து வாயருகே கொண்டுபோனாள்.

"அண்ணே, லயத்துல ஒருத்தரும் இருக்காதீங்க. எல்லாரையும் ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போங்க. இப்பவே."

"காலையில பெரட்டுல பேர் குடுத்துட்டு வேலைக்குப் போனவங்க மலையில நிக்கிறாங்களே."

"அவங்களையும் இறக்கச் சொல்லுங்க."

"வேலை வாங்குற கண்டாக்கையாகிட்ட சொல்றேன்" என்றார். லைன் அறுந்தது.

அளவு வராமல் நின்ற மழைமானிகளைக் கறுப்பாகக் காட்டும்படி குவெரியை மறுபடி மாற்றினேன். ஓட்டியதும் அந்தப் பச்சை கறுப்பானது. பிறகு நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சிவப்பாக இருந்த இன்னும் இரண்டு இடங்கள் கறுத்தன. அங்கிருந்தவர்களையும் அழைத்தோம். நல்லவேளை, எடுத்தார்கள். இறங்கச் சொன்னோம். அண்ணனின் ஃபோன் மட்டும் கிடைக்கவில்லை. கீழேயிருந்து முதலாளி தேநீர் அனுப்பினார். அது அப்படியே ஆறிப்போனது.

பிற்பகலில் அவரே அழைத்தார்.

"வந்துருச்சு" என்றார்.

"என்னண்ணே வந்துருச்சு?"

"மலை."

லயத்தில் பாதி மண்ணுக்குள் போயிருந்தது. ஆட்கள் எல்லோரும் பள்ளிக்கூடத்தில் இருந்தார்கள். கட்டியிருந்த மாடுகளை அவிழ்க்க நேரம் இருக்கவில்லை. தோழி மேசையில் தலை கவிழ்த்து அப்போதுதான் அழுதாள்.

மழை விட்ட பிறகு நாங்கள் அங்கே போனோம். மழைமானியின் கம்பம் சரிவுக்குக் கீழே, வெகுதூரத்தில் கிடந்தது. அது பழுதாகி நின்றிருக்காது என்று அண்ணன் சொன்னார். விடியும்போதே அதன் காலடி மண் நகரத் தொடங்கியிருக்க வேண்டும். மலை விழுவதற்கு முன்னால் முதலில் விழுந்தது அதுதான்.

லயத்தில் அவருடைய காம்பரா, அந்த ஒற்றை அறை வீடு, தப்பியிருந்தது. மிச்சமிருந்த காம்பராக்களில் இருக்கும்படி தோட்ட நிர்வாகம் எல்லோரையும் திருப்பி அனுப்பியிருந்தது. அண்ணன் பின்பக்கம் அழைத்துப்போய்க் காட்டினார். சரிவில் ஒரு வெடிப்பு, என் கை உள்ளே போகும் அகலத்தில். மழைத் தண்ணீர் இறங்காமலிருக்க அதன்மேல் பொலித்தீன் விரித்துக் கல் வைத்திருந்தார்.

"இங்க இருக்காதீங்கண்ணே" என்றேன்.

"வேற எங்க போறது, சொல்லுங்க?"

உள்ளே அவருடைய மனைவி பிள்ளைகளின் பாயைச் சரிவுப் பக்கச் சுவரோரத்திலிருந்து இழுத்து, வாசல் பக்கமாகப் போட்டுக்கொண்டிருந்தார்.