வலி இல்லை என்று எழுதியவள்

அமெரிக்காவின் ஈரி நகரத்துப் பிளாஸ்டிக் மூடித் தொழிற்சாலையில் லோர்னா யான்கோவுக்கு முப்பத்தோராவது வருஷம். யார் எப்போது எப்படி இருக்கிறாய் என்று கேட்டாலும், "நல்லாத்தான் இருக்கேன்" என்பாள். வயிற்று அமிலம் வாய்வரை ஏறும் எதுக்களிப்பு நோயில் முன்பற்கள் நான்கும் அரிசி அளவுக்குத் தேய்ந்து, குளிர்ந்த நீர் பட்டாலே உயிர் போகும். அப்போதும் அதே பதில்தான்.

அந்த ஆண்டு சம்பளத்தில் வரி பிடிக்கும் முன்பே வாராவாரம் ஐம்பது டாலரை வைத்தியக் கணக்கில் போட்டுவந்தாள். அதற்கென ஓர் அட்டை கொடுத்திருந்தார்கள். டிசம்பர் முடிவதற்குள் செலவழிக்காவிட்டால் அந்தப் பணம் போய்விடும். வைத்தியத்துக்கு மட்டுமே செல்லும், அழகுக்குச் செல்லாது.

அக்டோபரில் பல் மருத்துவர் நான்கு பற்களையும் ராவி, மூன்று வாரம் தாங்கும் தற்காலிக உறைகளை மாட்டினார். பாதிப் பணத்தை அட்டையில் தேய்த்தாள். மீதியைக் கட்டினால் நிஜ உறைகள். அதற்குள் கணக்கை நடத்தும் நிறுவனம் மருத்துவமனைத் தாள்களைக் கேட்டு வாங்கிப் படித்துவிட்டு, இது அழகுச் செலவு என்று கடிதம் போட்டது. அட்டை முடங்கியது. கொடுத்த பாதியையும் சம்பளத்தில் பிடிப்பார்களாம்.

லோர்னா கடிதத்தோடு பல் மருத்துவமனைக்குப் போனாள். வரவேற்பில் இருந்த டீனா, முதல் நாள் அவள் நிரப்பிக் கொடுத்த படிவத்தைக் கோப்பிலிருந்து எடுத்துக் காட்டினாள்.

"நீங்களே எழுதினதுதாம்மா. வலி இருக்கா? இல்ல. எதுக்காகச் சரிபண்ணணும்? பார்க்க நல்லா இருக்கணும்."

"வலிச்சுதும்மா. ரெண்டு வருஷமா ரொட்டியக் காபில நனைச்சுத்தான் திங்கிறேன்."

"அப்புறம் ஏன் இல்லன்னு போட்டீங்க?"

லோர்னா படிவத்தில் தன் கையெழுத்தைப் பார்த்தாள். அன்று அந்தக் கட்டத்தில் பேனாவை வைத்தபோது, வலி என்று எழுதுவது கையேந்துவது போல் இருந்தது. அழகுக்காக என்றால் சிரித்துவிட்டு, மேலே கேட்காமல் விட்டுவிடுவார்கள் என்று நினைத்தாள்.

"டாக்டர் கண்ணால பார்த்தாரே. இப்ப ஒரு வரி எழுதித் தரக்கூடாதா?"

"தேய்மானம்னு மட்டும்தான் குறிச்சிருக்கார். பணம் மறுத்த பிறகு வலின்னு சேர்த்தா அது கோப்பைத் திருத்தறது. கையெழுத்துப் போட மாட்டார். கேட்டுப் பார்த்துட்டேன்."

நிஜ உறைகள் அவள் பேர் எழுதிய டப்பாவில், டீனாவின் பின்னாலிருந்த அலமாரியில்தான் இருந்தன.

அவள் அழகுக்காகப் பல் கட்டுகிறாள் என்ற செய்தி அதற்குள் தொழிற்சாலையில் பரவியிருந்தது. பக்கத்து எந்திரத்து வில்மா கேட்டாள்:

"ஏய் லோர்னா, சினிமாவுல நடிக்கப் போறியாமே? எங்களையெல்லாம் மறந்துடாதடி."

லோர்னா வாயைக் கையால் மூடிக்கொண்டு சிரித்தாள்.

ஆண்டு முடிந்தது. கணக்கில் மிச்சமிருந்தது போயிற்று. ஜனவரியிலிருந்து சம்பளத்தில் பிடித்தம். பிப்ரவரியில் ஒரு நாள் சாப்பாட்டு இடைவேளையில் இடது ஓரத் தற்காலிக உறை ரொட்டியோடு கழன்று வந்தது. அதைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு, வேலை முடிந்ததும் மருந்துக்கடையில் பல் ஒட்டும் பசை வாங்கினாள்.

"இதுக்கு வைத்தியக் கணக்கு அட்டை செல்லும்மா," என்றான் கடைக்காரன். "இருக்கா?"

அவள் தலையாட்டி மறுத்து, ஆறு டாலரை எண்ணி வைத்தாள். கன்னத்தைப் பிடித்திருந்த கையை அவன் கவனித்தான்.

"ரொம்ப வலிக்குதா?"

"இல்லப்பா. நல்லாத்தான் இருக்கேன்."