கல்யாணப் போட்டோவுக்கு ஒரு பல்

பெருங்களத்தூரில் பஸ் ஏறும்போது கம்பியில் மோதி என் முன்பல் உடைந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மகளுக்கு நிக்காஹ்.

புதுப் பல் கட்டக் காசில்லை. இன்று பல் காலேஜுக்குப் போனேன். அங்கே டாக்டருக்குப் படிக்கிற ஒரு பெண் இலவசமாகத் தற்காலிகப் பல் ஒன்றை ஒட்டிவிட்டாள்.

"அங்கிள், கல்யாணம் முடியுறவரைக்கும் எதையும் கடிச்சுச் சாப்பிடாதீங்க. பிரியாணி கூடவே கூடாது."

"இன்னாம்மா, என் பொண்ணு கல்யாணத்துல எனக்கே பட்டினியா?"

"போட்டோவா, பிரியாணியா? நீங்களே சொல்லுங்க."

"போட்டோதாம்மா."

கல்யாணம் முடிந்ததும் மகள் மாப்பிள்ளையோடு சவூதிக்குப் போய்விடுவாள். அங்கே என்னைத் தேடும்போது அவள் கையில் அந்தப் போட்டோதான் இருக்கும். அதில் அத்தா வாயைப் பொத்திக்கொண்டு நிற்கக் கூடாது.

பந்தியில் நான் கஞ்சி குடிப்பதைப் பார்த்துவிட்டு, சம்பந்தியோடு சண்டை என்று கிளப்பிவிடாதீர்கள் மச்சான்களா. என் பங்குக் கறி யாருக்கு வேண்டும், இந்த வாட்ஸ்அப் குரூப்பிலேயே சொல்லிவிடுங்கள்.