தழும்பு தெரிகிற கமரா

கமரா விற்பவளுக்குக் கமராவைப் பற்றித் தெரிந்தால் மட்டும் போதாது, முகத்தையும் கொடுக்க வேண்டும். யுத்தம் நடந்த காலத்தில் கண்டி நகரத்துக் கடையொன்றில் சின்ன டிஜிட்டல் கமராக்கள் விற்றவள் நான். வாசலில் நின்று தெருவைப் படம் எடுத்தால் சோதனைச்சாவடியில் விளக்கம் சொல்ல வேண்டிவரும். அதனால் எந்தக் கமரா திறமென்று பார்க்கும் படங்களையெல்லாம் கடைக்குள்ளேயே எடுத்தோம். அதற்கு அகப்பட்டது என் முகம். கடை மேசைக்குப் பின்னால் நின்று பிழைத்தவர்களே, என் பாடு உங்களுக்கு விளங்கும்.

முதலாளியின் கண்டுபிடிப்பு

என் இடது கன்னத்தில் ஒரு தழும்பு உண்டு. எண்பத்து மூன்று கலவரத்தில் எங்கள் வீட்டுக்குக் கல்லெறிந்தபோது நான் யன்னலோரம் நித்திரையாக இருந்தேன். கண்ணாடி வெட்டி, தையல் போட்டார்கள்.

எங்கள் முதலாளி ஹாஜியார், மூன்று மெகாபிக்சல், ஏழு மெகாபிக்சல் என்று கடையில் இருந்த இரண்டு கமராவிலும் என்னை எடுத்து, கொம்பியூட்டரில் பெரிதாக்கிக் காட்டுவார். மூன்று மெகாபிக்சலில் கன்னம் மழமழவென்று இருக்கும். ஏழு மெகாபிக்சலில் தையல் ஒவ்வொன்றும் தெரியும். பார்த்தவர்கள் மறுபேச்சில்லாமல் ஏழு மெகாபிக்சலையே வாங்கிப் போவார்கள். ஒருநாள் எனக்குப் பொறுக்கவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஹாஜியார் பதறிப் போனார்.

"கோவிக்க வாணாம் புள்ள, ஒங்கட கன்னம் இல்லாட்டி நான் இந்த ஏழு மெகாபிக்சல எப்பிடி விக்கிற?"

பன்விலயிலிருந்து வந்த தம்பதி

அந்த நாட்களில்தான் எனக்கு யாழ்ப்பாணத்தில் ஒரு சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை அங்கே ஆசிரியர். யுத்தத்தால் யாழ்ப்பாணப் பாதை பூட்டியிருந்ததால் பெண் பார்க்க வர வழியில்லை, தபாலில் படம்தான் போனது. ஸ்டூடியோக்காரர் அந்தப் படத்தில் என் தழும்பைத் துடைத்தெடுத்திருந்தார். அம்மாவுக்குப் பரம திருப்தி. எனக்கு மட்டும், குட்டு வெளிப்படுமே என்ற கவலை.

அந்த நேரம் பார்த்து, பன்வில தேயிலைத் தோட்டத்திலிருந்து பிள்ளையின் முதல் பிறந்தநாளுக்குக் கமரா வாங்க ஒரு தம்பதி வந்தார்கள். மனைவி இரண்டு படங்களையும் மாறி மாறிப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். அவளுக்கு மனம் கேட்கவில்லை போலும்.

"எங்களுக்குத் தெளிவான கேமராவே குடுங்க. ஆனா அக்கா, நீங்க ஒங்களுக்கு மழமழன்னு காட்டுற அந்த மொதக் கேமராவையே வச்சிக்கங்க."

விலை கேட்காத அம்மா

பேராதனையிலிருந்து வருவதாகச் சொல்லிக்கொண்டு ஒரு அம்மா வந்தார். விலையும் கேட்கவில்லை, பற்றரியும் கேட்கவில்லை. ஏழு மெகாபிக்சல் படத்தில் என் கன்னத்தை மட்டும் பெரிதாக்கச் சொன்னார். இன்னும் பெரிதாக்கச் சொன்னார். பிறகு கதிரையை இழுத்துப் போட்டு இருந்துகொண்டு, தான் மாப்பிள்ளையின் அக்கா என்றார்.

"இது அந்தப் படத்தில இல்லையே, பிள்ளை?" என்று கேட்டார். கல்லெறிந்த கதையைச் சொன்னேன், ஸ்டூடியோக்காரர் அழித்த கதையையும் சொன்னேன். அவர் அந்தக் கமராவையே வாங்கி, வெளிச்சத்தில் என்னை நிறுத்தி, தன் கையாலேயே ஒரு படம் எடுத்துக்கொண்டு போனார். சம்பந்தம் அத்தோடு சரி என்று நினைத்தேன். வீட்டில் சொல்லப் பயந்து, சோறும் இறங்காமல் திரிந்தேன். கடையில் தொலைபேசி அடித்தாலே ஹாஜியாரை எடுக்கச் சொன்னேன்.

ஒருநாள் அவரே மறுபடியும் வந்தார். ஹாஜியார், கமரா பழுதாக்கும் என்று எழுந்து நின்றார். அந்த அம்மா அவரைக் கவனிக்காமல் நேரே என்னிடம் வந்தார்.

"தம்பிக்குப் படம் கிடைச்சிட்டுது, பிள்ளை. 'அக்கா, முந்தி வந்த படத்தில ஆரோ ஒரு வடிவான பிள்ளை இருந்தவ, இப்பதான் கதைக்கக்கூடிய ஒரு ஆள் வந்திருக்கிறா, ஓம் எண்டு சொல்லுங்கோ' எண்டு சொல்லுறான்."

கலியாணத்துக்குச் சீதனம்போல, அக்கா வாங்கிய அந்த ஏழு மெகாபிக்சல் கமராவும் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. ஆனால் என் கணவருக்குக் கை நடுக்கம் என்பதால், இன்றுவரை ஒரு படத்திலாவது என் தழும்பு தெளிவாக விழுந்ததில்லை.