பிலோமினா ஆண்ட்டியின் அப்பா பாடிய பக்கம்

ஸ்பிரிட் வாசனை மூக்கில் ஏறினால் எனக்கு இன்னும் மலேசியாவின் யோங் பெங் ஊரில் இருந்த ஒரு கடைவீட்டு மாடிதான் ஞாபகம் வரும்...

படிவம் மூன்றோடு, அதாவது ஒன்பதாம் வகுப்போடு, பள்ளியை விட்டுவிட்டு, பதினாறு வயதில் அங்கே வேலைக்குச் சேர்ந்தேன். ஜெகா அண்ணன் தனி ஆளாக ஒரு சின்ன ரெக்கார்டு கம்பெனி நடத்தினார். யாரும் தேடாத பழைய ஜாஸ், புளூஸ் இசைத்தட்டுகளைத் தேடிப் பிடித்து, கம்ப்யூட்டரில் ஏற்றி, இரைச்சலை நீக்கி, மறுபடி வெளியிடுவார்.

தட்டுகளைத் துடைப்பது என் வேலை. யாரோடும் பேசத் தேவையில்லை. அதனாலேயே அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது.

வினைல் தட்டுக்கு ஸ்பிரிட் கலந்த தண்ணீர். அதற்கும் முந்தைய காலத்து அரக்குத் தட்டுக்கு வெறும் தண்ணீர் மட்டும். ஸ்பிரிட் பட்டால் அரக்கு கரைந்துவிடும்.

ஒரு சனிக்கிழமை பக்கத்து ஊரான ரெங்கத்திலிருந்து பிலோமினா ஆண்ட்டி வந்தார். கையில் துண்டில் சுற்றிய ஒரே ஓர் அரக்குத் தட்டு. அவருடைய அப்பா ஜொகூர் பாருவில் ஓட்டல் பேண்டில் சாக்ஸபோன் வாசித்தவராம். ஒரு பக்கம் வெறும் இசை. மறுபக்கம் அவரே பாடிய ஒரு புளூஸ்.

“அப்பா போனப்ப எனக்கு மூணு வயசு தம்பி. குரலே ஞாபகம் இல்ல. வீட்ல பிளேயரும் இல்ல. இத நான் கேட்டதே இல்ல,” என்றார் அண்ணனிடம்.

“இன்னிக்குக் கேட்டுருவோம்லா ஆண்ட்டி,” என்றார் அண்ணன்.

ஆண்ட்டி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். “நீ எந்த ஃபார்ம் படிக்கிறம்மா? எந்த ஸ்கூலு?”

எனக்கு முகம் சுட்டது. குனிந்துகொண்டேன். கையில் இருந்த துணியால் அவர் தட்டைத் துடைத்தேன்... காலையிலிருந்து ஸ்பிரிட் தொட்டு வினைல் துடைத்த அதே துணி. துணி கறுப்பாகிவிட்டது.

“அலமாக், எவ்ளோ அழுக்கு பாரு,” என்று ஆண்ட்டி சிரித்தார்.

அது அழுக்கு இல்லை. அவர் அப்பா பாடிய பக்கம்.

அண்ணன் ஊசியை வைத்தார். எண்ணெயில் எதையோ பொரிப்பது போல இரைச்சல். அதற்கு அடியில் எங்கோ ஓர் ஆண் குரல். ஒரு வார்த்தைகூடப் பிடிபடவில்லை. மூன்று முறை வைத்துப் பார்த்தார்.

“தேஞ்சு போச்சு போல ஆண்ட்டி.”

“என் தப்புதான் தம்பி. அலமாரி மேலயே போட்டு வச்சிருந்தேன். வெயில் பட்டிருக்கும்.”

போகும்போது ஆண்ட்டி என் தலையைத் தடவினார். “நல்ல பிள்ள. பேசவே மாட்டேங்குது.”

அவர் படியிறங்கிய பிறகுதான் ஸ்பிரிட் துணி விஷயத்தை அண்ணனிடம் சொன்னேன். அண்ணன் திட்டவில்லை.

“நீயே போன் பண்ணிச் சொல்லிரு. அதான் சரி.”

நான்கு முறை அழைத்தேன். “ஹலோ, யாரு?” என்ற குரலைக் கேட்டதும் நான்கு முறையும் வைத்துவிட்டேன்.

அந்தத் தட்டில் வெறும் இசை இருந்த பக்கம் மட்டும் வெளிவந்தது. பிறகு அண்ணன் கம்பெனியை மூடிவிட்டு சிங்கப்பூர் வேலைக்குப் போனார். எனக்கு இப்போது பத்தொன்பது வயது. செனாயில் ஒரு பேக்டரியில் இருக்கிறேன். அன்று ஒரு ஹலோவுக்குப் பயந்தவள், இன்று மெஷின் சத்தத்தில் இருபது பேருக்குக் கேட்கும்படி கத்துகிறேன். அந்தத் தைரியத்தில்தான் போன மாதம் ரெங்கத்துக்குப் பஸ் ஏறினேன்.

வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டு அக்கா வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தார்.

“ஆண்ட்டியா? போன வருஷமே தவறிட்டாங்களே. அப்பா தட்டை நானே பாழாக்கிட்டேன்னு கடைசி வரைக்கும் சொல்லிட்டு இருந்தாங்க, பாவம்.”

“அவங்க இல்லக்கா... நான்தான்,” என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன்.

அக்கா கூட்டுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

“நீ யாரும்மா?”