மன்சூர் வீட்டுக் கல்யாண ஜாடி

கஃபர் தூத் ஊரில் திராட்சை பறிக்கும் மாதத்தில் எவரும் திருமணம் வைப்பதில்லை. பாதிரியாரும் தேதி கொடுக்கமாட்டார். இதற்குக் காரணம் வேதத்தில் இல்லை. ஸர்ஸூர் வீட்டு நிலவறையில் இருந்தது. ஊரில் பாதிப் பேர் ஸர்ஸூர் குடும்பத்தார். மீதிப் பாதி அவர்களுக்குச் சம்பந்திகள். அக்குடும்பத்தில் பிள்ளை பிறந்தால், அவ்வாண்டு மதுவில் ஒரு ஜாடியை நிரப்பி, வாயை மெழுகால் அடைத்து, கரியால் பெயரெழுதி, நிலவறையின் கடைக்கோடி மாடத்தில் வைப்பார்கள். பாதி கல்யாணத்துக்கு, மீதி அடக்கத்துக்கு. பறிப்பு மாதத்திலோ தொட்டிகளில் சாறு பொங்கிக்கொண்டிருக்கும். அப்போது நிலவறைத் தரைக்கு இறங்கி ஜாடியை எடுக்க முடியாது. ஜாடி இல்லாமல் ஸர்ஸூர் பிள்ளைக்குக் கல்யாணம் ஏது?

நஸீஃப் ஸர்ஸூர் அந்த நிலவறையில் கண்ணைக் கட்டிவிட்டாலும் நடப்பார். ஐம்பது வயது, கட்டையான உடம்பு, விரல் நகங்களின் ஓரத்தில் எக்காலமும் போகாத ஊதாக்கறை. ஒரே மகன் வதீ பிரேசிலுக்குப் போய்த் துணிக்கடை வைத்துவிட்டான். ஆனாலும் ஊர் அவரை 'அபூ வதீ', அதாவது வதீயின் அப்பா, என்றுதான் அழைத்தது. பெக்கா சமவெளியில் மூன்று தலைமுறையாக அவர் வீட்டு மதுவுக்குப் பெயர் உண்டு. மூன்று குளிர்காலம் பீப்பாயில் கிடந்து வரும் சிவப்பையும், உபைதித் திராட்சையின் வெள்ளையையும் வாங்க ஸஹ்லே நகரிலிருந்து உணவுக்கடைக்காரர்கள் தாங்களே வண்டி கட்டிக்கொண்டு வருவார்கள். அவ்வளவு பெயர் பெற்ற வீட்டுக்கு இன்னொரு பெயரும் இருந்தது: கொலைகார வீடு.

மலைச்சரிவைக் குடைந்து அந்த நிலவறையை உண்டாக்கியவர்கள் நஸீஃபின் தாத்தா ஜிர்ஜிஸும் அவர் தம்பி மன்சூரும். மூன்றாவது பறிப்பின்போது ஒருநாள் காலையில் மன்சூர் தரையில் இறந்துகிடந்தார். உடம்பில் ஒரு கீறல் இல்லை. சாறு பொங்கும்போது கிளம்பும் கனத்த காற்று தரையில் தண்ணீர்போலத் தேங்கி ஆளைக் கொன்றுவிட்டது என்றார் ஜிர்ஜிஸ். காற்று எங்காவது ஆளைக் கொல்லுமா என்று கேட்டாள் மன்சூரின் மனைவி. சொத்துக்காகத் தம்பியின் மூக்கையும் வாயையும் பொத்திக் கொன்றுவிட்டான் என்று கல்லறையின் முன்னே நின்று சபித்தாள். கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஊரின் மேற்குக் கோடிக்குப் போனவள், தன் வழிவந்த எவரையும் அந்த வாசலை மிதிக்கவிடவில்லை.

அதற்குப்பின் நடந்தவற்றில் இரண்டு வீட்டுக்கும் பங்குண்டு. மன்சூரின் மகன் ஒரே இரவில் கிழக்குத் தோட்டத்துக் கொடிகளை அடியோடு வெட்டிச் சாய்த்தான். ஜிர்ஜிஸின் ஆட்கள் அவன் வைக்கோற்போரைக் கொளுத்தினார்கள். உள்ளே கட்டியிருந்த கோவேறு கழுதையும் வெந்துபோயிற்று. மாதா திருநாள் ஊர்வலத்தில் பறந்துவந்த ஒரு கல், நஸீஃபின் தந்தை இஸ்கந்தரின் வலக்கண்ணைக் கொண்டுபோனது. அதற்குப் பதிலாக, இருபது வயது நஸீஃப் மன்சூரின் மகனைத் தெருவில் வழிமறித்து, கொடிக்கு முட்டுக் கொடுக்கும் கழியால் அவன் கையை இரண்டாக முறித்தார். எலும்பு ஒடிந்த ஓசையைக் கேட்டதும் அவருக்குள் எழுந்த மகிழ்ச்சியை நினைத்து அவரே பிற்காலத்தில் அஞ்சியதுண்டு.

இவ்வளவுக்கும் நடுவில் இஸ்கந்தர் ஒரு வழக்கத்தை மட்டும் விடவில்லை. மன்சூர் வீட்டில் பிள்ளை பிறந்த செய்தி வந்தால், ஒற்றைக்கண்ணால் தடவித்தடவி ஒரு ஜாடியை நிரப்பிப் பெயரெழுதி மாடத்தில் வைத்துவிடுவார். "போனது என் கண்ணு. ஜாடி அந்தப் புள்ளையோடது" என்பார். அவ்வாறு வைக்கப்பட்ட ஜாடிகளில் ஒன்று தன்னூஸுடையது. அதற்கு ஐந்தாண்டு இளையது அவன் தம்பி ஃபாரிஸுடையது. தந்தை இறந்தபின் நஸீஃப் அவற்றைத் தூசு தட்டிவைத்தார். தாம் சாவதற்குள் 'கொலைகார வீடு' என்னும் பேச்சு தம் வாசலைவிட்டுப் போகவேண்டும் என்பது ஒன்றே அவருக்கிருந்த ஆசை.

உள்நாட்டுப் போர் தொடங்கிய மறு ஆண்டு அந்த ஆசைக்குச் சோதனை வந்தது. நாடெங்கும் துப்பாக்கி தூக்கியவனெல்லாம் தளபதியானபோது, கஃபர் தூத்தில் தன்னூஸ் தளபதியானான். பறிப்பு மாதத்தின் நடுவில் ஒருநாள், ஒரு ஜீப்பும் ஒரு லாரியும் ஸர்ஸூர் முற்றத்தில் வந்து நின்றன. குரைத்துக்கொண்டு ஓடிவந்த நாயைத் தன்னூஸ் இறங்குவதற்கு முன்பே சுட்டான். அது திராட்சைக் கூடைகளுக்கிடையே விழுந்து கால்களை உதைத்தது.

"அபூ வதீ அண்ணே! வீட்டுக்கு விருந்தாளி வந்தா இப்படியா நாயை விட்டுக் கடிக்க வைப்பீங்க?"

நஸீஃப் தொட்டிகளுக்கு மேலே, நிலவறையின் மேல்வாசலை ஒட்டியிருந்த பலகை மேடையிலிருந்து சாறு சொட்டும் கிளறுகழியோடு வெளியே வந்தார். "விருந்தாளி தோட்டாப் பெட்டியோட வரமாட்டான் தன்னூஸ்."

"பெட்டி இங்கதான் இருக்கப்போவுது. மேல விமானம் சுத்துது. ஒங்க குகைதான் பத்திரம். எங்க தாத்தாவும் சேர்ந்து வெட்டின குகைதானே? அம்பது வருஷ வாடகைன்னு வெச்சுக்கோங்க."

அவனுடைய ஆட்கள் அதற்குள் வேலையைத் தொடங்கியிருந்தார்கள். சரிவின் அடியில் நிலவறைக்கு ஒரு கீழ்வாசல் உண்டு. சாறு பொங்குவது அடங்கியதும் அதைத் திறந்துவிட்டால், தேங்கிய காற்று சரிவில் வழிந்துபோகும். ஓர் இரவு கழித்துத்தான் எவரும் இறங்குவார்கள். அந்த வாசல் பாறையின் நிழலில் இருந்ததனால், ஆட்கள் தோட்டாப் பெட்டிகளை அதன்மேல் சாய்த்து ஆளுயரத்துக்கு அடுக்கினார்கள்.

"அந்தக் கதவை அடைக்காதீங்கடா!" என்று நஸீஃப் இறங்கி ஓடினார். நாலடி போவதற்குள் துப்பாக்கியின் அடிக்கட்டை அவர் வாயில் இறங்கியது. முன்பற்கள் இரண்டு நாக்கின்மேல் கிடந்தன. விழுந்தவரின் விலாவில் தன்னூஸ் உதைத்தான்.

"இது எங்கப்பா கைக்கு." மறுபடி உதைத்தான். "இது கழுதைக்கு. பாவம், வாயில்லாத ஜீவன்."

லாரியின் பின்புறத்திலிருந்து ஃபாரிஸ் குதித்தான். இருபத்துநான்கு வயது, காதோரத்தில் அப்போதுதான் மழித்த சுத்தம். சந்தையில் எவரும் பார்க்காதபோது நஸீஃபுக்குத் தலையசைத்து வணக்கம் சொல்பவன் அவன். "விடுண்ணே, வயசான ஆளு" என்று தமையனின் தோளைப் பிடித்து இழுத்தான். பிறகு குனிந்து, "பெரியண்ணே, ஞாயித்துக்கெழமை எனக்குக் கல்யாணம். திங்கக்கெழமை பெய்ரூத்துக்கு அனுப்புறாங்க. பொண்ணு வீட்ல கட்டிட்டுப் போன்னு ஒத்தக்கால்ல நிக்கிறாங்க. போர்னு சொல்லி பாதிரியாரும் ஒத்துக்கிட்டார். என் ஜாடியை எடுத்துக்கிறேன். வினிகரா மாறியிருந்துச்சு, ஒங்க மேல கேஸ் போடுவேன்" என்று சிரித்தான்.

நஸீஃப் இரத்தத்தைத் துப்பினார். "இப்ப வேணாம்ப்பா. மது பொங்குது. கீழ எறங்காத. கீழ்வாசலைத் தொறந்துவிடச் சொல்லு, நாளைக்கு நானே தூக்கிட்டு வந்து ஒன் வாசல்ல வெக்கிறேன்."

தன்னூஸ் வாய்விட்டுச் சிரித்தான். "கேட்டியா? பால்குடி வயசுல இருந்து கேக்குற கதை. காத்து கொன்னுடும்! எங்க பாட்டி சாகுறவரைக்கும் சொன்னா, எங்க தாத்தன் மூச்சை அடக்குனது காத்து இல்ல, கையின்னு. உள்ள வேற எதையோ ஒளிச்சு வெச்சிருக்கான் கெழவன். போடா ஃபாரிஸ், போய் ஒன் ஜாடியை எடுத்துட்டு, அங்க என்ன இருக்குன்னும் பார்த்துட்டு வா."

ஸர்ஸூர் வீட்டில் நிலவறைக்கு இறங்குபவன் மெழுகுவத்தியை முழங்கால் உயரத்தில் பிடித்துக்கொண்டு இறங்குவான். சுடர் சுருங்கினால் திரும்பிவிடுவான். நடக்கத் தெரிந்த குழந்தைக்குக்கூட இது தெரியும். மன்சூர் வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும் தெரியாது. அந்த மெழுகுவத்தியே கொலையை மூடிமறைக்கச் செய்த நாடகம் என்றுதான் அவர்களுக்குச் சொல்லி வளர்த்திருந்தார்கள்.

ஃபாரிஸ் ஜீப்பிலிருந்து டார்ச் விளக்கை எடுத்துக்கொண்டான்.

"டார்ச் அணையாதுடா! நல்ல காத்து இருந்தாலும் எரியும், இல்லாட்டியும் எரியும்! மெழுகுவத்தி எடுத்துட்டுப் போ! அத்லா! மெழுகுவத்தி கொண்டா!" என்று நஸீஃப் வீட்டுக்குள்ளிருந்த மனைவியையும் கூப்பிட்டு அலறினார். பிளந்த வாயிலிருந்து சொற்கள் சரியாக வரவில்லை. தன்னூஸ் அவர் கழுத்தின்மேல் காலணியை வைத்து அழுத்தினான். ஃபாரிஸ் மேல்வாசலுக்குள் நுழைந்து, ஏதோ கல்யாணப்பாட்டை முனகிக்கொண்டே படியிறங்கினான். பாட்டு இரண்டாவது வரியில் நின்றது. ஜாடி எதுவும் உடையவில்லை, கூக்குரலும் எழவில்லை. மாவுமூட்டை ஒன்றை இறக்கிவைத்தாற்போன்ற ஓசைதான் வந்தது.

"ஃபாரிஸ்?" என்று கூப்பிட்டான் தன்னூஸ். "டேய், வெளையாடாத."

மேல்வாசலில் நின்று பார்த்தால் எல்லாம் தெரிந்தது. டார்ச் தரையில் விழுந்து நன்றாக எரிந்துகொண்டிருந்தது. அதன் வெளிச்சத்தில் ஃபாரிஸின் ஒரு கை கிடந்தது.

தன்னூஸ் படிகளை நோக்கிப் பாய்ந்தான். நஸீஃப் தரையோடு தவழ்ந்துவந்து அவன் கணுக்காலை இரு கைகளாலும் பற்றினார். அந்தப் பிடி எங்கிருந்து வந்தது என்று அவருக்கே தெரியாது. தன்னூஸ் முகத்தில் உதைத்தான், அவர் விடவில்லை. முடியைப் பிடித்துத் தலையை நிலைக்கல்லில் மோதினான், அப்போதும் விடவில்லை.

"விடுடா கொலைகாரா! என் தம்பிடா!"

"விட்டா நீயும் சாவ. அவனை எடுக்கப் போறவனைத்தான் அது மொதல்ல திங்கும்!"

தன்னூஸ் துப்பாக்கியைக் கீழ்நோக்கித் திருப்பிச் சுட்டான். குண்டு நஸீஃபின் இடது முழங்காலைச் சிதைத்தது. அவர் ஊளையிட்டார். பிடி தளர்ந்தது. ஆனால் அந்த நொடியில் அவர் மனைவி அத்லா, துப்பாக்கிக்கும் படிக்கும் நடுவே வந்து நின்றாள். அவள் கையில் மண்வாரி; மண்வாரியின் தகட்டில் எரியும் மெழுகுவத்தி.

"சுடறதுன்னா அப்புறம் சுடு. மொதல்ல பாரு" என்று சொல்லி, மண்வாரியைப் படிக்குப் படி கீழே நீட்டினாள். சுடர் சுருங்கியது, நீலமாயிற்று, விரலால் கிள்ளி எறிந்தாற்போல அணைந்தது. புகை மேலே எழாமல் படுத்தபடியே பரவியது.

தன்னூஸ் அதைப் பார்த்தான். அவன் பாட்டியின் ஐம்பதாண்டுப் பேச்சு முழுவதும் அந்தப் புகையோடு அவன் கண்முன்னே கிடந்தது.

"என்ன செய்யணும்?" என்றான். "அண்ணே, என்ன செய்யணும்? சொல்லு!"

"கீழ்வாசல்" என்றார் நஸீஃப். "ஒன் பெட்டியைத் தள்ளு."

ஆட்கள் பெட்டிகளைப் பிடுங்கி எறிந்தார்கள். ஒரு பெட்டி உடைந்து தோட்டாக்கள் சரிவில் உருண்டன. தன்னூஸ் நகம் பெயர்ந்து இரத்தம் சொட்டச் சொட்டக் கதவை இழுத்தான். அடுக்குவதற்கு எவ்வளவு நேரம் ஆயிற்றோ, எடுப்பதற்கும் ஏறக்குறைய அவ்வளவு ஆயிற்று. காற்று வழிந்து, மெழுகுவத்தி தரைவரை அணையாமல் போனபின்பே அத்லா அவனை உள்ளே விட்டாள். அவன் ஃபாரிஸைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தான். உடம்பில் ஒரு கீறல் இல்லை.

அதன்பின் தன்னூஸ் செய்ததைத் தடுக்க எவருக்கும் துணிவில்லை. அவன் நிலவறைக்குள் திரும்பிப் போய், தொட்டிகள்மீது துப்பாக்கியைக் காலிசெய்தான். சிமெண்டு பிளந்து, பாதி பொங்கிய சிவப்புச் சாறு கீழ்வாசல் வழியே கொட்டியது; தோல்களும் விதைகளுமாகச் சரிவில் ஓடி, உருண்டுகிடந்த தோட்டாக்களை நனைத்தது. கடைக்கோடி மாடத்தை நோக்கி மட்டும் அவன் சுடவில்லை.

வெளியே வந்து சூடான குழாயை நஸீஃபின் நெற்றியில் வைத்தான். தோல் பொசுங்கியது.

"என்னை எதுக்குப் புடிச்ச? விட்டிருந்தா நானும் செத்திருப்பேன். ஒனக்கு நிம்மதியாயிருக்கும்."

"நிம்மதியா?" நஸீஃப் அரைமயக்கத்தில் இருந்தார். "ஒரு மன்சூருக்கே அம்பது வருஷம் பதில் சொல்லிட்டேன். மூணு பேருக்கு எவன்டா சொல்லுவான்?"

குழாய் நெற்றியைவிட்டு மெல்ல இறங்கியது. தன்னூஸ் ஜீப்பை உள்ளூர் மருத்துவரின் வீட்டுக்குத்தான் முதலில் ஓட்டினான். பின்னிருக்கையில் செத்த தம்பியும் குண்டடிபட்ட நஸீஃபும் தோளோடு தோள் சாய்ந்து போனார்கள்.

கல்யாணத்துக்குக் குறித்த ஞாயிற்றுக்கிழமையில் அடக்கம் நடந்தது. நஸீஃபைக் கூடை ஏற்றும் கைவண்டியில் உட்காரவைத்து அத்லா தள்ளிக்கொண்டுவந்தாள். கூட்டம் விலகி வழிவிட்டது. மன்சூர் வீட்டு இளைஞர்களின் இடுப்பில் துப்பாக்கிகள் இருந்தன. நஸீஃபின் மடியில், இஸ்கந்தரின் கோணல் எழுத்தில் ஃபாரிஸின் பெயர் தாங்கிய ஜாடி இருந்தது.

"பாதி கல்யாணத்துக்கு" என்று தொடங்கியவர், முடிக்காமல் ஜாடியை முன்னே நீட்டினார்.

தன்னூஸ் வந்து ஜாடியை வாங்கினான். கத்திமுனையால் மெழுகைப் பெயர்த்தான். பழஞ்சிவப்பின் மணம் புதுமண்ணின் மணத்தோடு கலந்தது. மரக்கோப்பை ஒன்றில் ஊற்றினான். குடிக்கவில்லை. கோப்பையை நஸீஃபிடம் நீட்டி, எல்லாருக்கும் கேட்கும்படிச் சொன்னான்:

"மொதல்ல நீ குடி."

நஞ்சு கலக்கவில்லை என்று காட்டச் சொல்கிறான் என்பது அங்கிருந்த அனைவருக்கும் புரிந்தது. நஸீஃப் கோப்பையை வாங்கி, தையல் போட்ட உதடுகளுக்கிடையே சரித்தார். புண்ணில் மது பட்டுக் கண்ணில் நீர் வந்தது. நல்ல மது, தந்தையின் கைமது, அது கெட்டிருக்கவில்லை. ஒரு சொட்டு மீதமில்லாமல் குடித்துவிட்டுக் கோப்பையைக் கவிழ்த்துக் காட்டினார்.

தன்னூஸ் அவரையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு அதே கோப்பையில் ஊற்றித் தானும் குடித்தான். எஞ்சியதைக் குழிக்குள் ஊற்றினான்.

இரு வீட்டாருக்கும் இடையே அதற்குப்பின்னும் பேச்சுவார்த்தை இருந்ததில்லை. உடைந்த தொட்டிகளைப் பூச நஸீஃபுக்கு நெடுங்காலம் பிடித்தது. முழங்கால் மடங்கவே இல்லை. ஆனால் அடக்கத்தன்று பாதிரியார் இறுதிச் செபம் சொல்லி முடித்ததும் கூட்டத்தில் எவனோ பழக்கதோஷத்தில் 'கொலைகார வீடு' என்று அந்தப் பழைய சொல்லை முணுமுணுத்தான். தன்னூஸ் திரும்பி, அவன் வாயிலேயே குத்தினான்.